வாகனம் கைமாறிய பின் வரும் தொல்லைகள்

எமது கிராமங்களில் காணி வாங்கும் எவரும் நொத்தாரிசிடம் போகாமல் காசை எண்ணிக் கொடுப்பதில்லை. உறுதியைப் பார்ப்பார்கள், தோம்பைத் தேடுவார்கள், அயலவரிடம் எல்லை கேட்பார்கள். காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் அமைய வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்திருப்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் அதே மனிதர், காணியின் விலைக்கு ஈடான வான் ஒன்றையோ சிறு லொறி ஒன்றையோ வாங்கும் போது, மரநிழலில் நின்று எஞ்சினை ஒருமுறை முடுக்கிப் பார்த்துவிட்டு, "சரி அண்ணை, நம்பிக்கைதானே" என்று காசைக் கொடுத்துவிடுகிறார். கையில் இருப்பது ஒரு திறப்பும், ஒப்பமிட்ட வெற்றுத் தாள்கள் இரண்டும் மட்டுமே.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனை வாகனங்களுக்கு 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய வாகனங்களும் நினைத்துப் பார்க்க முடியாத விலைக்குக் கைமாறின. கிராமத்தில் வாகனம் ஆடம்பரப் பொருள் அன்று. மீன் கொண்டு போவதும், மரக்கறி ஏற்றுவதும், நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் அதனால்தான். அதற்காக நகை அடகு வைக்கப்படுகிறது, சீட்டுக்காசு எடுக்கப்படுகிறது. எனவே ஒரு விற்பனை பிழைத்தால் ஒரு குடும்பத்தின் பத்தாண்டு உழைப்பு பிழைத்துவிடுகிறது.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை பற்றிப் பலரும் சொல்லியிருக்கிறார்கள். நாம் இங்கு சொல்ல விரும்புவது, விற்பனை முடிந்து, காசு கைமாறி, பிழை வெளிப்பட்ட பின்னர் என்ன செய்யலாம் என்பதையாகும்.

முதலில் செய்ய வேண்டியது

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்ததும் எமது மக்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு விற்றவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள். அல்லது, வெட்கத்தினால் வெளியில் சொல்லாமல் மாதக் கணக்கில் மனதுக்குள் வைத்துப் புழுங்குகிறார்கள். முன்னையது அடிதடியில் முடிந்து, ஏமாந்தவரையே பொலிசில் எதிரியாக்கிவிடும். பின்னையது காலத்தை விழுங்கிவிடும். காலம் இவ்விடயத்தில் எவ்வளவு முக்கியமானது என்பதைப் பின்னர் காண்போம்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை இவை.

1. இருக்கும் தாள்கள் அனைத்தையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். பதிவுச் சான்றிதழ், பற்றுச்சீட்டு, வங்கியில் காசு எடுத்த பதிவு, நகை அடகுச் சீட்டு, கைத்தொலைபேசியில் வந்த செய்திகள் யாவும் சான்றுகளே. செய்திகளை அழிக்கக் கூடாது. படம் எடுத்து வைக்க வேண்டும்.

2. நடந்ததைத் திகதி வாரியாக ஒரு கொப்பியில் எழுத வேண்டும். யார் யார் உடனிருந்தார்கள், விற்றவர் என்ன சொன்னார், தரகர் என்ன சொன்னார் என்பவற்றை மறக்கு முன் எழுதிவிட வேண்டும்.

3. மற்றவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். என்ன பிழை, என்ன கேட்கிறோம், எத்தனை நாளுக்குள் என்பவற்றைச் சுருக்கமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் தபாற் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஏச்சும் பயமுறுத்தலும் கடிதத்தில் இடம்பெறலாகாது. நாளை அதனை ஒரு நீதவான் வாசிக்கக்கூடும்.

4. விளங்காத மொழியில் எழுதப்பட்ட எதிலும் ஒப்பமிடக் கூடாது. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாகும். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதப்படும் போது அதனைத் தமிழில் வாசித்துக் காட்டுமாறு கேட்பது எமது உரிமை. முறைப்பாட்டின் இலக்கத்தைப் பெறாமல் வெளியே வரக் கூடாது.

அடுத்து, நேர்ந்த பிழை எத்தகையது என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் போகும் வாசல் வேறு.

எஞ்சின் பழுது: சட்டம் எவ்வளவு உதவும்?

"வாங்கி ஒரு கிழமையில் எஞ்சின் இறுகிவிட்டது; காசைத் திருப்பி வாங்கித் தாருங்கள்" என்று எம்மிடம் வருபவர்கள் பலர். இவர்களுக்கு நாம் ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டியுள்ளது. இலங்கையில் பொருள் விற்பனையை ஆளுவது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமாகும். வாங்குபவரே பார்த்து வாங்க வேண்டும் என்பது அதன் பொது விதி. பொருளின் தரம் பற்றி அது தரும் பாதுகாப்புகள் பெரும்பாலும் வியாபாரமாக விற்பவருக்கே பொருந்தும். தமது சொந்த வானை விற்கும் ஆசிரியருக்கோ விவசாயிக்கோ அவை பொருந்துவது அரிது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் வியாபாரிகளைப் பற்றிய முறைப்பாடுகளையே விசாரிக்கிறது. வாகன விற்பனை நிலையத்தில் வாங்கியவர் அங்கு போகலாம். அயலவரிடம் வாங்கியவர் போக முடியாது.

எனினும் விற்றவர் தெரிந்துகொண்டே பொய் சொல்லியிருந்தால் நிலைமை வேறு. மீற்றரைத் திருப்பி வைத்தல், விபத்தில் நொருங்கிய வாகனத்தை ஒட்டிப் பூசி "ஒரு கீறலும் இல்லை" என்று சொல்லுதல், இரண்டு வாகனங்களின் பாகங்களை இணைத்து ஒன்றாக்குதல் என்பன ஏமாற்றுதலாகும். இவ்விடத்தில் வாங்கியவர் ஒப்பந்தத்தை முறித்துக் காசைக் கேட்கலாம். ஆனால் அதற்கு அவரும் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். பிழை தெரிந்த பின்னும் மூன்று மாதம் வாகனத்தை ஓட்டி உழைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வந்தால் எவரும் ஏற்கமாட்டார்கள். எனவே ஓட்டுவதை நிறுத்த வேண்டும். எஞ்சினைக் கழற்று முன் விற்றவருக்கு அறிவித்து, அவரும் விரும்பினால் வந்து பார்க்க இடமளிக்க வேண்டும். இரு பக்கமும் சாராத மெக்கானிக் ஒருவரிடம் திகதியிட்டு ஒப்பமிட்ட அறிக்கை பெற வேண்டும். கழற்றிய பாகங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடக் கூடாது; அவையே சான்று.

லீசிங் முடியாத வாகனம்

சில ஆண்டுகளுக்கு முன் மீன் வியாபாரம் செய்யும் ஒருவர் சிறு லொறி ஒன்றை வாங்கினார். ஐந்தாம் மாதம், அதிகாலை நேரத்தில், மீன்பெட்டிகளோடு லொறியை வழிமறித்துப் பினான்ஸ் கொம்பனிக்காரர் கொண்டு போய்விட்டார்கள். விற்றவர் லீசிங் தவணையைக் கட்டி முடிக்கவில்லை. "கொஞ்சக் காசுதான் மிச்சம், நான் கட்டிவிடுவேன்" என்று அவர் சொன்னதை வாங்கியவர் நம்பியிருந்தார்.

லீசிங் வாகனத்தின் சொந்தக்காரர் பினான்ஸ் கொம்பனியே. 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் அடிப்படை இதுவாகும். பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் என்னும் இடத்தில் கொம்பனியின் பெயர் இருக்கும். தமக்குச் சொந்தமில்லாததை ஒருவர் விற்றால் வாங்கியவருக்கு உரிமை போய்ச் சேராது. நல்லெண்ணத்தோடு முழு விலை கொடுத்திருந்தாலும் சட்டம் இப்படித்தான்.

இந்நிலையில் கொம்பனியோடு சண்டையிடுவதில் பயனில்லை. முதலில் எவ்வளவு நிலுவை என்பதை அறிய வேண்டும். நிலுவை சிறிதாயின் அதனைக் கட்டி வாகனத்தை மீட்பது சிலவேளை இலாபமானது. ஆனால் வாகனத்தை யார் பெயருக்கு எப்போது மாற்றுவது என்பதைக் கொம்பனியிடமிருந்து எழுத்தில் பெற்ற பின்னரே கட்ட வேண்டும். விற்றவரின் ஒப்பமும் இதற்குத் தேவைப்படும். கட்டிய காசையோ, மீட்க முடியாவிடில் கொடுத்த முழு விலையையோ விற்றவரிடம் கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஏனெனில், பழுது பற்றிய விடயத்தில் மௌனமாக இருக்கும் அதே 1896 ஆம் ஆண்டுச் சட்டம், தமக்கு விற்கும் உரிமை உண்டு என்று ஒவ்வொரு விற்பனையாளரும் உறுதி கூறியதாகவே கொள்கிறது. அயலவரானாலும் இதிலிருந்து தப்ப முடியாது. லீசிங் இருப்பதை மறைத்து விற்றிருந்தால் அது தண்டனைச் சட்டக் கோவையின் 398 ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றுதலாகவும் அமையலாம், பொலிசில் முறையிடலாம்.

களவு வாகனம்

இதைவிடத் துயரமானது, வாங்கிய வாகனம் களவு போன வாகனம் என்று தெரியவருவதாகும். செசி நம்பர் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். அல்லது வேறொரு வாகனத்தின் நம்பர் அடிக்கப்பட்டிருக்கும். சந்தேகம் தோன்றிய உடனே வாங்கியவர் தாமாகப் பொலிசுக்குப் போக வேண்டும். "எனக்குக் கிடைத்த நட்டத்தை இன்னொருவர் தலையில் போடுவேன்" என்று தெரிந்துகொண்டே வேறொருவருக்கு விற்பவர், அந்த நொடியிலிருந்து ஏமாந்தவர் அல்லர், ஏமாற்றுபவர். பொலிசார் வாகனத்தைச் சான்றுப் பொருளாக எடுப்பர். நம்பர் அழிக்கப்பட்டதா என்பதை அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதிக்கும். வாகனம் யாரிடம் போக வேண்டும் என்பதை நீதவான் தீர்மானிப்பார். பெரும்பாலும் அது உரியவருக்கே போகும். வாங்கியவருக்கு மிஞ்சுவது விற்றவரைத் தேடிப் பிடிக்கும் வழி மட்டுமே. அந்த வழிக்கு விளக்குப் போல் உதவுவது, விற்றவரின் அடையாள அட்டைப் பிரதியும் அவர் ஒப்பமிட்ட பற்றுச்சீட்டும் ஆகும்.

மிச்சக் காசும் காலக் கெடுவும்

இனி விற்றவர் ஏமாறும் கதை. இதில் எமது தவறும் உண்டு. அதனை மறைக்காமல் சொல்வதே முறை.

2018 ஆம் ஆண்டில், மகளின் திருமணச் செலவுக்காக ஒரு தகப்பன் தமது வானை 14 இலட்சம் ரூபாவுக்கு விற்றார். 10 இலட்சம் கையில் வந்தது. மிச்சம் 4 இலட்சத்துக்கு எழுத்து எதுவும் இல்லை. "போகம் அறுத்ததும் தாறன் அண்ணை" என்ற சொல் மட்டுமே. போகம் அறுத்தாயிற்று, காசு வரவில்லை. அவர் எம்மிடம் வந்து, "பாதர், கேட்டுக் கேட்டு வாய் நோகுது. வழக்குக்குப் போகட்டோ?" என்று கேட்டார். இரு குடும்பங்களும் தூரத்து உறவு. "கொஞ்சம் பொறுங்கள், சொந்தத்துக்குள் வழக்கு வேண்டாம், நாமும் கதைத்துப் பார்க்கிறோம்" என்றோம். கதைத்தோம். சிறுபோகத்தில் தருவதாகச் சொன்னார்கள். அதுவும் கழிந்தது. பதினான்கு மாதத்தின் பின் சட்டத்தரணி ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்ற போது அவர் கேட்ட முதற் கேள்வி, "எழுத்தில் ஏதும் இருக்கிறதா? ஏன் ஒரு வருடத்துக்குள் வரவில்லை?" என்பதுதான்.

1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் எமது மக்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும். எழுத்து ஒப்பந்தத்தின் மீது வழக்கிட 6 ஆண்டுகள் உண்டு. எழுத்தில்லாத ஒப்பந்தத்துக்குப் பொதுவாக 3 ஆண்டுகள். ஆனால் விற்று ஒப்படைத்த பொருளின் விலையைக் கேட்பதற்கு, எழுத்து இல்லாவிடில், 1 ஆண்டு மாத்திரமே. காசு தரவேண்டிய நாளிலிருந்து இக்காலம் ஓடத் தொடங்குகிறது. சமாதானம் விரும்பி நாம் சொன்ன "பொறுங்கள்" என்ற சொல், அந்தத் தகப்பனின் கையிலிருந்த சட்ட உரிமையைப் பலவீனப்படுத்திவிட்டது. சமாதானம் பேசுவது நல்லது. ஆனால் பேசும் போதே, கடன் உண்டு என்பதை எதிராளியிடம் எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். "இன்னாருக்கு வான் வாங்கியதில் 4 இலட்சம் ரூபா தரவேண்டும், இன்ன திகதிக்குள் தருவேன்" என்று திகதியிட்டு ஒப்பமிட்ட ஒரு துண்டு போதும். ஒப்பமிட்ட அத்தகைய எழுத்துக் காலத்தைப் புதுப்பிக்கும். வாய்ச் சொல் புதுப்பிக்காது.

மிச்சக் காசுக்குக் காசோலை வாங்கியவர்களின் நிலை சற்று மேலானது. கணக்கில் காசில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் 25 ஆம் பிரிவின் கீழ்க் குற்றமாகும். திரும்பிய காசோலையை வங்கி தரும் குறிப்போடு பத்திரமாக வைக்க வேண்டும். "காசோலையைத் தாருங்கள், வேறு எழுதித் தருகிறேன்" என்று கேட்டால், புதியது காசாகும் வரை பழையதைக் கொடுக்கக் கூடாது.

ஓப்பன் பேப்பர் என்னும் பொறி

பெயர் மாற்றாமல், ஒப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு வாகனம் கைமாறுவதை எல்லாரும் ஓப்பன் பேப்பர் என்கிறோம். இவ்வாறு நான்கு, ஐந்து பேர் கை மாறிய பின்னும் புத்தகத்தில் முதல் ஆளின் பெயரே நிற்கும். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில், வாகன இலக்கத்தையும் அடையாள அட்டையையும் கொண்டு கியூஆர் அட்டை வழங்கிய போதுதான், தம்மிடம் இருக்கும் வாகனம் தம்முடையதல்ல என்பதைப் பலர் உணர்ந்தனர்.

1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் இதில் தெளிவாக உள்ளது. வாகனம் கைமாறினால் 14 நாட்களுக்குள் விற்றவர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவரும் தம் பெயரில் பதிய விண்ணப்பிக்க வேண்டும். விற்றவருக்கு இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். அவ்வாகனம் ஒருவரை மோதிவிட்டு ஓடினாலோ, கள்ள மரமோ கஞ்சாவோ ஏற்றிப் பிடிபட்டாலோ, பொலிசார் முதலில் வருவது புத்தகத்தில் பெயருள்ளவர் வீட்டுக்குத்தான். "நான் எப்போதோ விற்றுவிட்டேன்" என்று நிரூபிக்கும் சுமை நடைமுறையில் அவர் தலையில் விழுகிறது.

இவ்வாறு விற்று மாட்டிக்கொண்டவர்கள் காலம் கடந்தேனும் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். விற்ற திகதி, வாங்கியவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றோடு பற்றுச்சீட்டுப் பிரதியையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். இன்சூரன்ஸ் கொம்பனிக்கும் அறிவிக்க வேண்டும். வாகனத்தோடு இன்சூரன்சும் தானாகவே கைமாறிவிடும் என்று நினைப்பது தவறு.

வாங்கியவர்களின் கஷ்டம் வேறு விதமானது. புத்தகத்தில் பெயருள்ளவர் இறந்திருந்தால் அவரது உரித்தாளர்களை நாட வேண்டும். வெளிநாட்டுக்குப் போயிருந்தால், எமது பகுதிகளில் இது சாதாரணம், அந்நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் மூலம் அவர் அற்றோணித் தத்துவம் அனுப்பி, அது இங்கு பதியப்பட வேண்டும். அலைச்சல்தான். ஆனால் இன்னுமொருவருக்கு அதே வெற்றுத் தாளோடு விற்றுவிடுவது தீர்வாகாது.

இணக்க சபைக்குப் போகலாம்

பொலிசார் பலவேளை, "இது சிவில் பிரச்சினை, நீதிமன்றம் போங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். நீதிமன்றத்துக்கு முன் ஒரு வாசல் உண்டு. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபையே அது. எமது மக்கள் இணக்க சபை என்கிறார்கள். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் இங்கு வந்தாக வேண்டும். வராமல் வழக்கிட முடியாது. அத்தொகை 2016 இல் 5 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்டவற்றையும் இருவரும் விரும்பினால் கொண்டு வரலாம். பக்கத்துக்கு ஒருவராக இரு மத்தியஸ்தர்களைத் தெரிவு செய்ய, அவ்விருவரும் தலைவர் ஒருவரைத் தெரிவர். சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. செலவும் இல்லை என்றே சொல்லலாம். இணக்கம் ஏற்பட்டால் அதனை எழுதி இருவரும் ஒப்பமிடுவர். ஏற்படாவிடில் சபை தரும் சான்றிதழோடு நீதிமன்றம் போகலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியற்றவர்கள், நீதிமன்றங்களை அண்டி இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்களை நாடலாம்.

நாம் மேலே சொன்ன தகப்பனின் விடயம் இங்குதான் ஓரளவு முடிவுக்கு வந்தது. வாங்கியவர் கடனை மறுக்கவில்லை. சட்டப்படி காலம் கடந்தது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தும், தம்மை அறிந்த மூன்று பேர் முன்னிலையில் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மாதம் 20,000 ரூபாவாகத் தருவதென எழுதி ஒப்பமிட்டார். இடையில் இரண்டு தடவை தவறினாலும் கட்டி முடித்தார். ஆயினும் மகளின் திருமணத்துக்கென்று விற்ற வானின் காசு, பேரப்பிள்ளை பிறந்த பின்னரே வந்து சேர்ந்தது. அக்காலம் முழுவதும் அந்தத் தகப்பன் வட்டிக்கு வாங்கியதைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த வட்டியை அவருக்குத் திருப்பிக் கொடுக்க எந்தச் சபையாலும் முடியவில்லை, எம்மாலும் முடியவில்லை.

ஒரு தாள் போதும்

ஆகவே, எழுத்துக் கேட்பது நம்பிக்கையீனம் என்ற எண்ணத்தை எமது கிராமங்களிலிருந்து போக்க வேண்டும். ஒரு கொப்பித் தாளில் வாகன இலக்கம், எஞ்சின் நம்பர், செசி நம்பர், விலை, கொடுத்த காசு, மிச்சக் காசு, அதன் தவணை, லீசிங் உண்டா இல்லையா, ஒப்படைத்த திகதியும் நேரமும் ஆகியவற்றை எழுதி, இருவரும் சாட்சிகள் இருவரும் ஒப்பமிட்டு, அடையாள அட்டைப் பிரதிகளை மாற்றிக்கொள்ள அரை மணித்தியாலம் போதும். பெயர் மாற்றத்துக்குரிய படிவங்களை அன்றே நிரப்பி, அடுத்த நாளே இருவரும் சேர்ந்து போவது இன்னும் நல்லது. மாதர் சங்கங்களும் கடற்றொழிலாளர், விவசாயிகள் சங்கங்களும் தமது அடுத்த கூட்டத்தில் இதனைப் பற்றிப் பேசி, அத்தகைய தாளின் மாதிரி ஒன்றை அங்கத்தவர்களுக்குக் கொடுக்கலாம்.

ஏற்கெனவே ஏமாந்திருப்பவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: வெட்கப்பட்டு வீட்டில் இருக்க வேண்டாம், கைநீட்டவும் வேண்டாம். இன்றிரவே ஒரு தாளை எடுத்து, நடந்ததைத் திகதியோடு எழுதத் தொடங்குங்கள். காசு கொடுக்க வேண்டிய நாள் எது என்று எண்ணிப் பாருங்கள். ஓராண்டு நிறைய இன்னும் நாள் இருந்தால், பொறுங்கள் என்று யார் சொன்னாலும், நாமே சொன்னாலும், பொறுக்க வேண்டாம்.